தண்ணீர் இல்லாத ஆண்டில் ஒரு கடல் வரைபடம்

நான் செய்தது தவறு என்று பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் மைக்கில் சொல்லச் சொன்னார்கள். சொல்லவில்லை. இன்று யாராவது அதே மைக்கைக் கொண்டுவந்து நீட்டினாலும் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தி. நகரில், பனகல் பூங்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் நான் புவியியல் ஆசிரியை. வீடு மந்தைவெளியில், கணவருக்கு நந்தனத்தில் அலுவலகம். எங்கள் பள்ளியில் புவியியலுக்கு என்ன மரியாதை என்றால், கணக்குக்குச் சிறப்பு வகுப்பு வேண்டுமென்றால் முதலில் பறிபோவது என் வகுப்புதான். 'நதிகளும் மலைகளும் எங்கேயும் ஓடிவிடாது, கணக்குப் பரீட்சை வந்துவிடும்' என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுவார்.

அந்த ஆண்டு நதிகள் ஓடித்தான் போயிருந்தன. முந்தைய ஐப்பசி, கார்த்திகை இரண்டும் ஏமாற்றிவிட்டன. ஜூனில் பள்ளி திறந்தபோது பின்கட்டுக் கிணற்றில் வாளி போய்த் தரையில் இடித்தது. கழிப்பறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளைப் பாதி நாளோடு வீட்டுக்கு அனுப்பினோம். குடிக்க அவரவர் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவர வேண்டும். வகுப்பில் பென்சிலைக் கடன் கொடுப்பவள்கூடத் தண்ணீர் பாட்டிலைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பில் பருவக்காற்றைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். நடு வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"மிஸ், மழை எப்படிப் பெய்யும்னு புக்ல இருக்கு. இந்த வருஷம் ஏன் பெய்யலன்னு இல்லியே மிஸ்."

என்ன சொல்வது? ஒரு வருடம் மழை பொய்ப்பதற்கு இதுதான் காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது என்றேன். ஆனால் உலகம் முழுக்க எரிக்கிற நிலக்கரியும் பெட்ரோலும் விடுகிற புகையால் பூமி மெல்லச் சூடாகிறது என்று பல விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள். அப்படிச் சூடானால் மழையின் கணக்கு மாறலாம், ஒரேயடியாகக் காயலாம், ஒரேயடியாகக் கொட்டலாம். பனிமலைகள் உருகிக் கடல்கூட உயரலாம் என்றும் சொன்னேன்.

வகுப்பே சிரித்தது. "கொழாயில தண்ணியே வரல மிஸ், கடல் ஏறி வரப்போவுதா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட மனமில்லை. அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. சிரித்து முடித்த பிறகாவது யோசிக்க வேண்டாமா?

விஷயம் மதியத்துக்குள் ஆசிரியர் அறைக்கு வந்துவிட்டது. அங்கே இயற்பியல் ஆசிரியை ஒருவர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். தினமும் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம். நாக்கு மட்டும் கத்தி.

"நிரூபிக்காததைக் கிளாஸ்ல சொல்றதுக்கும் கிளி ஜோசியத்துக்கும் என்னடி வித்தியாசம்?"

"கிளி சீட்டு எடுக்குது டீச்சர். நான் காரணம் சொல்றேன்."

"காரணமா? நாம இப்ப உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கோமே, இந்த மாம்பலமே ஒரு காலத்துல ஏரி இருந்த இடம். தூர்த்து ஊர் கட்டினாங்க. இந்த ஊரைச் சுத்தி இப்படி எத்தனை ஏரி போச்சு? நீ பாட்டுக்குப் பூமி சூடு, பூமி சூடுன்னு சொன்னா, ஏரியைத் தின்னவன் வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவான். 'நான் என்ன பண்ண, உலகமே சூடாகுது'ம்பான்."

"ரெண்டும் உண்மையா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"ரெண்டையும் சொன்னா பிள்ளைங்க ரெண்டையும் மறந்துடும். கண்ணுக்கு முன்னால இருக்கிறதைச் சொல்லு."

"கண்ணுக்கு முன்னால வந்தப்புறம் சொல்றதுக்கு நான் எதுக்கு?"

மணி அடித்துவிட்டது. அவர் என் டிபனிலிருந்து கடைசி வத்தலை எடுத்துக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் பள்ளிக் கண்காட்சி. புவியியலுக்கு வழக்கமாக ஓர் எரிமலை மாதிரியும் சூரிய மண்டலமும்தான். இந்த முறை ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் தாங்களாகவே வந்து, "மிஸ், கடல் உசந்தா நம்ம ஊர் எப்படி இருக்கும்னு செய்யலாமா?" என்று கேட்டார்கள். சிரித்த அதே பெண்கள்.

உயரக் கோடுகள் போட்ட நில அளவை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு தெர்மக்கோலை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டினோம். மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு முகத்துவாரம், பெசன்ட் நகர்க் கரை. தீப்பெட்டியில் வீடுகள். கூவத்துக்குக் கறுப்பு மை. நிஜத் தண்ணீரை ஊற்றி, அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைக் காட்டலாம் என்றுதான் முதல் திட்டம். ஒரு வாளித் தண்ணீர் கேட்டு அலுவலகத்துக்குப் போன பெண்களை உதவியாளர் விரட்டி அடித்தார். அதனால் நீலக் கண்ணாடிக் காகிதம் வாங்கி, கடல் இவ்வளவு உயர்ந்தால் இது வரைக்கும், இன்னும் உயர்ந்தால் இது வரைக்கும் என்று வெட்டி மேலே விரிக்கிற மாதிரி செய்தோம். காகிதத்தை விரித்தால் கரையோரம் நீலத்துக்கு அடியில் போகும்.

கண்காட்சியன்று எங்கள் மேசையைச் சுற்றிக் கூட்டம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் தேடியது அவரவர் வீட்டை. கே.கே. நகர்க்காரர்களும் கோடம்பாக்கத்துக்காரர்களும் நிம்மதியாக நகர்ந்தார்கள். அப்புறம் ஒரு மாணவியின் அப்பா வந்தார். மயிலாப்பூரில் மாடவீதிப் பக்கம் தலைமுறையாக இருக்கிறவர், வங்கி அதிகாரி. அடையாறு முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் மனை வாங்கிப் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார்.

"இதுல நம்மாம் எங்கம்மா இருக்கு?" என்று புது வீட்டை நினைத்துச் சந்தோஷமாகத்தான் கேட்டார்.

விளக்கம் சொல்ல நின்ற பெண் காகிதத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு அடியில சார்."

"அடியிலன்னா?"

"தண்ணிக்கு அடியில சார்."

அவர் முகம் மாறியது. என்னைத் தேடி வந்தார். "அடுத்த மாசம் கிரகப்பிரவேசம் வெச்சிண்டிருக்கேன். பத்திரிகைகூட அடிச்சாச்சு. என் ஆத்தைக் கொண்டுபோய்க் கடல்ல முழுக அடிச்சிருக்கேளே, இதுக்குப் பேர் படிப்பா?"

"நாளைக்கே நடக்கும்னு சொல்லல சார். கடல் இவ்வளவு உயர்ந்தா என்ன ஆகும்னு…"

"உயர்ந்தா! எங்க தாத்தா காலத்துலேர்ந்து அந்தக் கடல் அங்கேயேதான் இருக்கு. வெள்ளைக்காரன் நூறு வருஷம் கரியை எரிச்சுப் பணக்காரனாயிட்டு, இப்ப நாம நாலு ஃபேக்டரி கட்டினா உலகம் அழிஞ்சுடும்ங்கறான். அதைப் போய்க் கொழந்தேளுக்குச் சொல்லித் தரேளே!"

"வெள்ளைக்காரன் செஞ்சது அக்கிரமம்தான் சார். ஆனா அவன் அக்கிரமம் செஞ்சான்கிறதுக்காக கடல் நம்ம பக்கம் வராம இருக்குமா?"

"அபசகுனமா பேசறேள்" என்று சொல்லிவிட்டு அவர் நேராகத் தாளாளரிடம் போனார்.

தாளாளர் வெள்ளை வேட்டியும் அமைதியான குரலுமாக இருப்பவர். யாரையும் திட்ட மாட்டார். மேசைக்கு வந்தார். பக்கத்து மேசை விரிப்பை உருவி எங்கள் வரைபடத்தின்மேல் போர்த்தினார். "உள்ள கொண்டுபோய் வெச்சிடுங்க" என்றார். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் விரிப்பை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தேன். "கண்காட்சி அஞ்சு மணி வரைக்கும் சார்" என்றேன். அவர் விரிப்போடு திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் உதவியாளர் இருவர் வந்து மேசையோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்கம்மா. பிள்ளைங்களைப் பயமுறுத்துறது கல்வி இல்ல."

"பரீட்சையில ஃபெயிலாயிடுவே, வாழ்க்கையே போயிடும்னு தினமும் பயமுறுத்துறோமே சார். அது கல்வியா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு மூணு பேரண்ட்ஸ் வந்துட்டாங்க. ஒரு குழந்தை ராத்திரி தூங்கலையாம். திங்கட்கிழமை பிரேயர்ல நீங்களே சொல்லிடுங்க. அந்த வரைபடம் வெறும் கற்பனை, யாரும் பயப்பட வேண்டாம்னு. நாலு வரி. அத்தோட முடிஞ்சுது."

மிரட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

அன்று மாலை வீட்டு வாசலில் அடிபம்புக்கு முன்னால் குடங்களோடு காத்திருந்தோம். கணவர் அடித்தார், காற்றுதான் வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"நாலு வரிதானே? சொல்லிட்டு வந்துடேன். உலகத்தைக் காப்பாத்தற பொறுப்பை உன்கிட்டயா குடுத்திருக்காங்க?"

"அந்த நாலு வரியில ஒரு வரியாவது நிஜமா இருந்தா சொல்லிடுவேன்."

"வேலை போயிடுச்சுன்னா?"

"போனா போகட்டும். பொய் சொல்லிக் காப்பாத்திக்கிட்ட வேலையில நாளைக்கு எந்த மூஞ்சியோட பாடம் நடத்தறது?"

அவர் மறுபடியும் பம்பை அடித்தார். பம்பு ஒருமுறை இருமியது, கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அவருக்குச் சம்மதமில்லை என்று தெரிந்தது. திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்போதும் சம்மதமில்லாமல்தான் நின்றார். நான் ஏறிவிட்டேன்.

பிரேயர் முடிந்ததும் தலைமையாசிரியை என் பக்கம் தலையசைத்தார். மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். குரல் நடுங்கக் கூடாது என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

"நாம செஞ்ச வரைபடத்தைப் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. அது நாளைக்கு நடக்கப் போறது இல்ல. யாரும் வீட்டைக் காலி பண்ண வேண்டாம். ராத்திரி நல்லாத் தூங்குங்க. ஆனா அது வெறும் கற்பனைன்னு என்னால சொல்ல முடியாது. நடக்கலாம்னு படிச்சவங்க சொல்றாங்க. இல்லைன்னு சொல்ற படிச்சவங்களும் இருக்காங்க. பயமா இருந்தா தப்பில்ல. பயம் வந்தா மூடி வைக்காதீங்க, கேள்வி கேளுங்க. நான் சொன்னது தப்புன்னு உங்கள்ல யாராவது படிச்சு நிரூபிச்சா, இதே இடத்துல நின்னு ஒத்துக்கறேன். அதுவரைக்கும் ஒத்துக்க மாட்டேன்."

தாளாளர் படிக்கட்டில் நின்றிருந்தார். அப்போது ஆசிரியைகள் வரிசையிலிருந்து இயற்பியல் ஆசிரியை விடுவிடுவென்று வந்து எனக்கு முன்னாலிருந்த மைக்கைப் பிடித்துக்கொண்டார். என் சிநேகிதியே என்னைப் பொய்யாக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"இவங்க சொல்றதுல பாதி எனக்குச் சம்மதம் இல்ல" என்றார். "ஆனா தப்பா சொல்றவங்களை வாயை மூடச் சொல்ற பழக்கம் சயின்ஸ்ல கிடையாது. பதில் சொல்லணும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல நான் இவங்களோட சண்டை போடப் போறேன். வேணும்கறவங்க வந்து கேளுங்க."

முதலில் கைதட்டியது பத்தாம் வகுப்பு. பிறகு எல்லோரும்.

அவரை யாரும் தொட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் முடிவுகள் அவர் கையில் இருந்தன. என்னைத் தொடலாம். புதன்கிழமைக்குள் புதிய கால அட்டவணை வந்துவிட்டது. ஒன்பதும் பத்தும் என்னிடமிருந்து போய்விட்டன. ஆறாம் வகுப்பும் கைவேலைப் பாடமும் எனக்கு. வெள்ளிக்கிழமை விவாதத்துக்கு அனுமதி இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்.

அதைப் படித்துவிட்டு இயற்பியல் ஆசிரியை கேட்டார்: "ஸ்கூலுக்குள்ள அனுமதி இல்ல. பிளாட்பாரத்துக்கு யார் அனுமதிடி வேணும்?"

வரைபடத்தைப் போட்டு வைத்திருந்தது அவருடைய ஆய்வகத்துப் பின்னறையில்தான். சாவி அவரிடம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசலைத் தாண்டி, வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் கொண்டுபோய் வைத்தோம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் ஆரம்பித்தார். நான் கடலைப் பற்றிப் பேசினால் அவர் ஏரியைப் பற்றிப் பேசினார். நான் காற்றில் சேர்கிற புகையைச் சொன்னால், "அளந்தது யாரு? எத்தனை வருஷமா?" என்று மடக்கினார். பாதிக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. மீதியை அடுத்த வாரம் படித்துவிட்டு வருகிறேன் என்றேன். பெண்கள் புத்தகப்பையைக் கூடக் கீழே வைக்காமல் நின்றார்கள்.

லாரித் தண்ணீருக்காக வரிசைபோட்ட குடங்கள் அதே பிளாட்பாரத்தில்தான் இருந்தன. அவற்றுக்குக் காவல் இருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமா இது, தண்ணி இல்லாத ஊர்ல தண்ணிப் படம் காட்டிக்கினு கீறீங்க?"

சொன்னேன். அவளுக்கு அம்மா வீடு அடையாற்றங்கரையாம். நீலக் காகிதத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு என்மேல் கோபம்தான் வந்தது.

"இத்த யாருக்கும் காட்டாத. நாளைக்கு ஆபீசருங்கோ இந்தப் படத்த கைல வச்சிக்கினு வருவானுங்கோ. கடலு வருது, காலி பண்ணுன்னு எங்க குடிசையத்தான் பிய்ப்பானுங்கோ. பெரிய ஊட்டுக்காரன காலி பண்ணச் சொல்வானா?"

"சொல்ல மாட்டான். அதனாலதான் பெரிய வீட்டையும் சேர்த்து நீலத்துல போட்டிருக்கேன்."

"போட்டா மட்டும் ஆச்சா?"

"நான் மறைச்சு வெச்சா மட்டும் உங்களை விட்டுடுவாங்களா?"

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். லாரி வந்துவிட்டது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளை நான் சம்மதிக்க வைக்கவில்லை. அவள் கேட்டதற்கு இன்றைக்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அதன்பின் வரைபடத்தில் ஆற்றங்கரைக் குடிசைகளையும் மாணவிகள் ஒவ்வொன்றாக வைத்தார்கள். இயற்பியல் ஆசிரியை விடாப்பிடியாக நின்று, தூர்ந்துபோன ஏரிகளையெல்லாம் புள்ளி வைத்து வரையச் செய்தார். என் கடல் வரைபடம் எங்கள் சண்டையில் வளர்ந்துகொண்டே போனது.

பல வெள்ளிக்கிழமைகள் இப்படி. ஒருநாள் தாளாளரின் கார் எங்கள் அருகே வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "ஸ்கூல் பேரு கெடுதும்மா" என்றார்.

"கேட்டுக்கு வெளியே சார்" என்றார் இயற்பியல் ஆசிரியை. கார் போய்விட்டது.

ஐப்பசி பிறந்தது. மழை வந்தது. சும்மா வரவில்லை, பாண்டி பஜாரில் முழங்கால் அளவு தண்ணீர், ரங்கநாதன் தெருவில் செருப்புகள் மிதந்தன. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கிணறு நிறைந்தது. திரும்பத் திறந்த அன்று ஆசிரியர் அறையில் யாரோ எனக்கென்று கேசரி வாங்கி வைத்திருந்தார்கள். "உன் வறட்சி எங்கேம்மா காணோம்?" என்று ஒரே சிரிப்பு. மயிலாப்பூர் வங்கி அதிகாரியும் அன்று மகளை விட வந்தவர், குடையை மடக்கிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"பாத்தேளா? மழை கொட்டறது. கடலும் அங்கேயே இருக்கு. இப்பவாவது வாபஸ் வாங்கிப்பேளா?"

"ஒரு வருஷம் மழை பெஞ்சதுக்காக வாபஸ் வாங்கறதா இல்ல சார். ஒரு வருஷம் பெய்யலங்கறதுக்காக நான் அதைச் சொல்லவும் இல்ல."

அவர் குடையை உதறினார். "பிடிவாதம்!" என்றார். பாராட்டா திட்டா தெரியவில்லை. புது வீட்டுக்கு ஒருநாள் வாங்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். போனேன். மாடியிலிருந்து கடல் அழகாகத் தெரிந்தது. நல்ல காப்பி கொடுத்தார்கள்.

மேல் வகுப்புகள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கேட்கவும் இல்லை. ஆறாம் வகுப்புக்கு அனுப்பியதைத் தண்டனை என்று நினைத்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தின்மேல் பயம் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாது. வெயில் ஏன் கூடுகிறது, ஏசி வைத்தால் அந்தச் சூடு எங்கே போகும், லாரிக்குத் தண்ணீர் எந்த ஊரிலிருந்து வருகிறது, அந்த ஊரில் என்ன குடிப்பார்கள் என்று துளைத்து எடுத்தார்கள். எல்லாவற்றையும் பேசினோம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் கண்காட்சிக்கு மேசை கேட்டேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் இடமில்லை என்றார்கள். அடுத்த ஆண்டும் கேட்டேன்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் இயற்பியல் ஆசிரியை ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழா. மாலை, பொன்னாடை, பாராட்டுரை எல்லாம் முடிந்து ஏற்புரைக்கு எழுந்தார். பள்ளியைப் பற்றி நல்லதாக நான்கு வார்த்தை சொன்னார். பிறகு, "நம்ம புவியியல் டீச்சர் பூமி சூட்டைப் பத்திச் சொல்றது இன்னும் எனக்குப் பாதிதான் சம்மதம்" என்றார்.

"முன்னேயெல்லாம் பாதி சம்மதமில்லைன்னு சொல்வீங்க டீச்சர்" என்று கூட்டத்திலிருந்து எழுந்து நின்று சொன்னேன்.

"கணக்குப் போட்டுப் பாரு, ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணு இல்ல. அப்ப இல்லைங்கிறதைச் சொன்னீங்க. இப்ப சம்மதத்தைச் சொல்றீங்க."

அரங்கம் சிரித்தது. தாளாளர் அவசரமாக மைக்கை வாங்கி நன்றியுரை சொல்பவரைக் கூப்பிட்டார். நன்றியுரை போய்க்கொண்டிருக்கும்போதே இயற்பியல் ஆசிரியை மாலையோடு மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"வாடி வெளியே" என்றார். போனோம். வராந்தாவில் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடக் கூப்பிடும் வரைக்கும் சண்டையில் ஒருவரையொருவர் விடவில்லை.